வெறும் கட்டம்

நான்கரைக்கு எழுந்தால்தான்
தபால் வண்டி ஏறுமுன் பெட்டியைத் திறக்க முடியும்.
எனக்கும் முன்னால் எழுந்துவிடுகிறது
வேலிமேல் அந்தச் செம்மார்புக் குருவி.
நான் மூடியைத் தூக்குவது
தனக்குப் பரிமாறத்தான் என்று நினைப்பு.

செவர்ன் ஆறு இன்னும் ஓடையாகவே இருக்கும்
வேல்ஸ் மலையூர். வீட்டின் பின்னால்
ஒரு விளக்கு, ஒரு வாளி, ஒரு புனல்,
பதினொரு முட்டை அட்டை.
விளக்கில் விழுந்த விட்டில் என்று
சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.
விழுந்தவை இங்கே குழிக்கு ஒன்றாகத்
தூங்குகின்றன.

மார்ச் 19. மூன்று பாகை. தூறல்.
சிறகில் மைசிந்திய எழுத்தோடு ஏழு.
வெறும் பழுப்பு நான்கு.
ஏப்ரல் 2. உறைபனி. சுழி.
ஏப்ரல் 3. சுழி.
ஏப்ரல் 4. வாளிக்குள் ஒரு நத்தை.

சுழியையும் எழுதி அனுப்பு என்கிறான் ரிசியார்ட்,
கால்நடைச் சந்தையில் கணக்கெழுதுபவன்,
மாவட்டத்துப் பூச்சிகளுக்கும் அவனே கணக்கன்.
சுழி என்றால் பார்த்தாய், இல்லை.
வெறும் கட்டம் என்றால்
நீ பார்க்கவே இல்லை.

பகலிலும் விடாது.
கல்லறைச் சுவரோரம்
ஆரஞ்சில் நுனி தோய்த்த வெள்ளைப் பட்டாம்பூச்சி.
காகிதம் இல்லை. புறங்கையில் நான்கு கோடு.
பார்சலுக்குக் கையெழுத்திட்டவள் கேட்டாள்,
யாருடைய கடன் இது?

மே மாதம் எதிர்வீட்டு டில்வின் பெப்
நள்ளிரவில் கதவைத் தட்டினார்.
உன் விளக்கு எங்கள் படுக்கையறைக் கூரையில் விழுகிறது.
நெரிஸுக்குத் தூக்கமில்லை.
என்னதான் வளர்க்கிறாய் அங்கே?
வளர்க்கவில்லை, எண்ணுகிறேன்.
எண்ணி?
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவர் காலடியில் ஒரு வண்டு மல்லாந்து
காற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.
செருப்பு நுனியால் மெல்லப் புரட்டிவிட்டுப் போனார்.
விளக்கைக் கொட்டகைக்குப் பின்னால் நகர்த்தினேன்.

ஜூனில்
புழுவாயிருந்தபோது துதிக்கை போலிருந்ததால்
யானைப் பெயர் வாங்கியது வந்தது,
மிட்டாய்க் கடைக்காரன் கைதவறிக் கலந்த
இளஞ்சிவப்பும் பச்சையுமாக.
கிளம்புமுன் குலுங்கும் பழைய வண்டிபோல
என் விரலில் நின்று நடுங்கியது,
சூடேறும்வரை.

அதே ஜூனில்
இரங்கல் அட்டைகள் நாற்பத்தொன்று.
பெப் வீட்டுக் கதவில் நான்தான் போட்டேன்.
எண்ணியதை யாரிடமும் சொல்லவில்லை.

தபால்காரி வீட்டுக்கு யார் தபால் போடுவார்கள்?
ஜூலையில் ஒரு விடியலில்
நெரிஸ் பெயர் அச்சிட்ட மருந்துச் சீட்டு,
அதன் பின்பக்கம்:
வெள்ளை, பெரியது, 1. பழுப்பு, 3.
சமையலறைச் சன்னல். 2.40.
மறுநாள்:
அதே வெள்ளையோ வேறோ. 3.15.

சிறகில் வால் இருந்ததா என்று எழுதி
தபால்தலை ஒட்டாமல் அவர் கதவில் செருகினேன்.
இருந்தது, என்று வந்தது.
வெள்ளையல்ல, பார்த்தால் எலுமிச்சை.
பழுப்பு மூன்றையும் யாராலும் சொல்ல முடியாது.
'உறுதியில்லை' என்றே பெயர் வாங்கிய அந்து ஒன்றுண்டு.
அதற்கு ஓர் இரட்டையும் உண்டு.

அன்றிரவு விளக்கைப் பழைய இடத்துக்கே
தூக்கி வந்தேன்.

இனம், இடம், தேதி, எண்ணிக்கை, பதிந்தவர்.
கடைசிக் கட்டத்தில் டி. பெப்.
யாரது, புதிதா? என்றான் ரிசியார்ட்.
எதிர்வீடு, என்றேன்.

ஆகஸ்ட் 23. புழுக்கம். காற்றில்லை.
மஞ்சள் உள்சிறகு அறுபத்திரண்டு,
எண்ணுவதற்குள் முகத்தில் மோதியவை எத்தனையோ.
அட்டைக்குள் ஒரு பெருங்குளவி,
அதை அப்படியே மூடிவைத்தேன்.
கதவடியில் சீட்டு:
சுழி. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அதைச் சுழியென்று பதிய முடியாது, மிஸ்டர் பெப்.
உங்கள் வரிசையில் அந்தத் தேதிக்கு
ஒரு கட்டத்தை
வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.